பூசணிக்காய்க்குள் தேங்காய்ப் பர்பி

தாதர் ஸ்டேஷனில் மெட்ராஸ் வண்டியிலிருந்து இறங்கின கையோடு என் பெண் கேட்ட முதல் கேள்வி என்னைப் பற்றியது. "அம்மா, இந்த மாமா யாரு?" கூலிக்காரன் தலையில் டிரங்குப் பெட்டியை ஏற்றிவிட்டுக்கொண்டிருந்த எனக்கு அது நன்றாகவே காதில் விழுந்தது. "உன் அப்பாடீ" என்றாள் என் மனைவி. குழந்தை என்னை மேலும் கீழும் பார்த்தாள். அப்புறம், பெரியவர்களின் தவறைத் திருத்துகிற தோரணையில், "இல்லை, அப்பா ஊர்ல இருக்கா" என்றாள்.

ஊரில் இருந்த அந்த அப்பா என் மச்சினர், என் மனைவியின் அண்ணா. அவர் குழந்தைகள் அவரை அப்பா என்று கூப்பிட்டார்கள். அதே கூடத்தில், அதே பாயில் அவர்களோடு உருண்டு வளர்ந்தவள் வேறு எப்படிக் கூப்பிடுவாள்? மச்சினர் நல்ல மனுஷர். என் பெண்ணைத் தோளில் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போவார், ஜுரம் வந்தால் ராத்திரி விழித்திருப்பார் என்று கடிதத்துக்குக் கடிதம் என் மனைவி எழுதுவாள். படிக்கப் படிக்க எனக்கு நன்றி பெருகியிருக்க வேண்டும். எரிச்சல்தான் வந்தது.

யுத்த காலத்தில் இப்படிப் பிரிந்த குடும்பங்கள் மாதுங்காவில் நிறைய. சிங்கப்பூர் போயிற்று, ரங்கூன் போயிற்று, அடுத்தது பம்பாய்தான், ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று ஒரே பேச்சாக இருந்த வருஷம், எங்கள் கட்டிடத்தில் ஒவ்வொரு வீடாகப் பெட்டி கட்டியது. பெண்டு பிள்ளைகள் பாலக்காட்டுக்கும் தஞ்சாவூருக்கும் ரயிலேறினார்கள். ஆபீஸை விட முடியாத ஆண்கள் மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டு, விளக்கு வெளிச்சம் வெளியே தெரியாமல் ஜன்னல் கண்ணாடிக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டிக்கொண்டு இங்கேயே கிடந்தோம்.

என் பெண்ணுக்கு அப்போது இரண்டு வயது நிரம்பவில்லை. அப்பா என்கிற வார்த்தை அவளுக்கு அப்போதுதான் வந்திருந்தது. நான் ஆபீஸிலிருந்து திரும்பும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தெருமுனை அதிர, அப்பா என்று கத்துவாள். ஜன்னலில் வந்து உட்காரும் காக்காயையும் அப்பா என்றுதான் கத்துவாள். ஆகையால் அந்த வார்த்தை எனக்கே எனக்கானது என்று நியாயமாக உரிமை கொண்டாட முடியாது. இருந்தாலும் கொண்டாடினேன். அவர்கள் போனபிறகு எத்தனையோ சாயங்காலங்கள், தெருமுனை திரும்பும்போது அந்த ஜன்னலை நிமிர்ந்து பார்க்காமல் வீட்டுக்குள் நுழைந்திருக்கிறேன்.

நடுவில் ஒரே ஒரு தடவை லீவு கிடைத்து ஊருக்குப் போனேன். நான் இருந்த நாள் முழுக்க அவள் மச்சினரின் வேஷ்டிக்குப் பின்னால் இருந்தாள். அப்புறம், "வந்துவிடுங்கள்" என்று நான் எழுதலாம் என்றிருந்த சமயத்தில் பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்து, அந்தச் சத்தம் பாலக்காட்டுப் பேப்பர் வரைக்கும் கேட்டுவிட்டது. மாமனார் அனுப்ப மறுத்துவிட்டார். ஒருவழியாகச் சண்டை ஓய்ந்து, மழையும் ஓய்ந்து அவர்கள் வந்து சேர்ந்தபோது அவளுக்கு ஐந்து வயது நடந்துகொண்டிருந்தது. பாவாடை கட்டிக்கொண்டு, பின்னலை முன்னால் போட்டுக்கொண்டு, எனக்குக் கொஞ்சமும் தெரியாத ஒரு பெரிய மனுஷி.

மரியாதையில் ஒரு குறையும் இல்லை. நான் வந்தால் எழுந்து நிற்பாள். தட்டை வைத்தால் தண்ணீர் கொண்டுவருவாள். ஆனால் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடமாட்டாள். நான் எதிரிலேயே உட்கார்ந்திருக்கும்போது, "அம்மா, இவாளுக்கு இன்னும் ரசம் வேணுமாம்" என்று உள்ளே பார்த்துச் சொல்லுவாள். வீட்டுக்கு வந்த ஆபீஸ் சிநேகிதனைச் சொல்வதுபோல் இருக்கும் அது. தூக்கப் போனால் மரக்கட்டையாக விறைத்துக்கொள்வாள். ஊருக்கு எப்போது திரும்பிப் போவோம் என்று மட்டும் தினமும் ஒரு முறை விசாரிப்பாள். என் மனைவி அவளை அதட்டி, அப்பான்னு கூப்பிடு என்று சொல்லத் தொடங்கினபோது நான் தடுத்துவிட்டேன். சொல்லிக்கொடுத்து வருகிற அப்பா எனக்கு வேண்டாம் என்றேன். வீறாப்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, தானாக எப்படி வரும் என்பதற்கு என்னிடம் ஒரு வழியும் இல்லை.

வழி ஆபீஸில் கிடைத்தது. எங்கள் மானேஜர் ஸ்காட்லாந்துக்காரர். துரை என்றுதான் எல்லோரும் சொல்வோம். சிடுமூஞ்சி. அவருடைய மனைவியும் மூன்று குழந்தைகளும் யுத்தம் தொடங்கியதிலிருந்து அங்கேதான் இருந்தார்கள். கப்பலில் இடம் கிடைக்காமல் அவரும் போகவில்லை, அவர்களும் வரவில்லை. என் குடும்பம் திரும்பிவிட்டது என்று கேள்விப்பட்டு, ஒருநாள் கையெழுத்து வாங்கப் போனபோது குழந்தை எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். எனக்கு என்ன தோன்றிற்றோ, உள்ளதைச் சொல்லிவிட்டேன். மனுஷர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அப்புறம் அவர் சொன்னது ஹாலோவீன் என்ற ஒரு பண்டிகையைப் பற்றி. அக்டோபர் கடைசியில் வருமாம். அன்றைக்குப் பேய்பிசாசெல்லாம் உலாவுமென்று அவர்கள் ஊரில் டர்னிப் கிழங்கைக் குடைந்து கண்ணும் வாயும் வெட்டி உள்ளே விளக்கு வைப்பார்களாம். அவர் வீட்டில் அன்றைக்கு ஒரு தேடுகிற விளையாட்டு உண்டாம். ஓர் இடத்தில் ஒரு பொருள். அது அடுத்த இடத்தைக் காட்டிக்கொடுக்கும். அங்கே இன்னொரு பொருள். கடைசியில் அந்த விளக்கு மூஞ்சி. அதற்குப் பக்கத்தில் அவர் நின்றுகொண்டிருப்பார். பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்டால்தான் பரிசைக் கொடுப்பார். கடைக்குட்டிக்கு அப்போது பேச்சே சரியாக வராது, டாடி என்பதற்கு வேறென்னவோ சொல்லும் என்று சொல்லிவிட்டு, துரை அந்தச் சொல்லைச் சொல்லிக் காட்டவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி ஒரு சிகரெட் பற்றவைத்தார்.

அன்று ரயிலில் வரும்போதே நான் திட்டம் போட ஆரம்பித்துவிட்டேன். கட்டிடத்துக் குழந்தைகள் எல்லாரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கடைசிப் பரிசு என் கையில் இருக்க வேண்டும். கேட்டால்தான் கொடுப்பேன் என்று சொல்ல வேண்டும். மற்றதுகள் "மாமா, கொடுங்கோ" என்று கேட்கும். அவள் என்ன சொல்லிக் கேட்பாள்? ஏதாவது சொல்லித்தானே ஆகவேண்டும்! ஒரு வாரம் இதே நினைப்பு. ஆபீஸ் காகிதத்தின் பின்பக்கத்தில் எங்கள் கட்டிடத்தின் மாடிப்படிகளை வரைந்து பார்ப்பேன். என் மனைவி அதை எடுத்துப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தைக்கு இத்தனை கூத்தா என்றாள். ஆமாம் என்றேன். அவள் சிரிக்கவில்லை. சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டாள்.

சர்க்கரை இருந்தது. ரேஷன் வந்த நாளிலிருந்து நான் காபிக்குச் சர்க்கரை போட்டுக்கொள்வதில்லை. என் பங்கை ஒரு டின்னில் சேர்த்துவைத்திருந்தேன். எதற்கென்று யாராவது கேட்டால், ஆபத்து அவசரத்துக்கு என்பேன். அந்தச் சர்க்கரையில் அவள் தேங்காய்ப் பர்பி கிளறி, வில்லை போட்டு, ஒவ்வொன்றையும் மெழுகு காகிதத்தில் சுற்றினாள்.

தேடுவதற்கு வழி சொல்லுவதுதான் கஷ்டமாக இருந்தது. துரை வீட்டில் துண்டுக் காகிதத்தில் பாட்டு எழுதி வைப்பார்களாம். எங்கள் கட்டிடத்துப் பிள்ளைகளில் பாலக்காட்டிலிருந்து வந்ததுகளுக்கு மலையாளம் தெரியும், இங்கேயே இருந்ததுகளுக்கு இங்கிலீஷும் தெருவில் பொறுக்கின மராட்டியும் தெரியும். தமிழை எழுத்துக்கூட்டுவதற்குள் விடிந்துவிடும். என் பெண்ணுக்கு அதுவும் இல்லை. ஆகவே எழுத்தே வேண்டாம், பொருளே பேசட்டும் என்று வைத்தேன். முதலில் ஆளுக்கொரு கறுப்புக் காகிதத் துண்டு. யுத்தம் முடிந்தும் ஜன்னலில் கறுப்புக் காகிதத்தைக் கிழிக்காமல் வைத்திருந்தது இரண்டாவது மாடியில் ஒரே வீடு. அந்த ஜன்னல் விளிம்பில் வறுத்த காபிக்கொட்டை. காபிக்கொட்டை என்றால் கட்டிடம் முழுவதும் மணக்க மணக்க வறுக்கிற மாமி வீடு, மூன்றாவது மாடி. அவள் வாசலில் துணி உலர்த்துகிற கிளிப். கிளிப்பைப் பிடித்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனால் அங்கே என் மனைவி. அவள் கையில் எங்கள் வீட்டுச் சாவி. சாவியை எடுத்துக்கொண்டு முதல் மாடிக்கு ஓடிவந்தால், எங்கள் கதவு வாசலில் விளக்கு மூஞ்சி. பக்கத்தில் நான்.

டர்னிப்புக்கு எங்கே போவது? எந்தப் பெரிய காயும் ஆகும் என்று துரை சொல்லியிருந்தார். மார்க்கெட்டில் மஞ்சள் பறங்கியைத் துண்டு துண்டாக அறுத்துத்தான் வைத்திருந்தார்கள். முழுசாகக் கிடைத்தது வெள்ளைப் பூசணி. வெள்ளையாக இருந்தால் பேய் மாதிரியும் இருக்கும் என்று நல்லதாகப் பார்த்து வாங்கி, தோளில் வைத்துக்கொண்டு வந்தேன். பூசணிக்காயைப் பெண்கள் முதலில் வெட்டக்கூடாதென்று என் மனைவி ஒதுங்கிக்கொண்டாள். நானே மேலே வட்டமாக மூடி வெட்டி, குடைந்து, கண்ணும் மூக்கும் பல்லும் செதுக்கினேன். பல் சரியாகத் தெரியவில்லை என்று ஓரங்களில் குங்குமத்தைக் குழைத்துத் தடவினேன். உள்ளே பர்பி டின். டின் மூடிமேல் ஓர் அகல். குழந்தைகள் படியிறங்கும் சத்தம் கேட்டதும் அதை ஏற்றுவதாக ஏற்பாடு.

தீபாவளி முடிந்த அமாவாசை சாயங்காலம். துரை சொன்ன நாளுக்கும் அதற்கும் நாலைந்து நாள்தான் வித்தியாசம். எல்லாருக்கும் அன்று லீவு. குழந்தைகள் கறுப்புக் காகிதத்தை வைத்துக்கொண்டு படிக்கட்டில் மேலும் கீழும் ஓடினார்கள். என் பெண் முதலில் ஒட்டவில்லை, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம் எல்லாரும் இரண்டாவது மாடிக்கு ஓடுவதைப் பார்த்ததும் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். காபிக்கொட்டையை முதலில் மோந்து பார்த்துச் சொன்னது அவள்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பூசணிக்காயை வாசலில் வைத்தவன் அங்கேயே நின்றிருக்க வேண்டும். அவள் ஓடுவதைப் பார்க்கவேண்டுமென்ற ஆசையில் அவர்கள் பின்னாலேயே மொட்டைமாடி வரைக்கும் போய்விட்டேன். இந்த ஊரில் அவள் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை.

சாவியை அவள் கையில் என் மனைவி கொடுத்தாள். நான் இரண்டிரண்டு படியாகத் தாவி முதலில் கீழே வந்தேன். வாசலில் கோலம் இருந்தது. பூசணிக்காய் இல்லை. என் அகல் மட்டும் சுவரோரமாகப் பத்திரமாக எடுத்து வைக்கப்பட்டிருந்தது.

எதிர்வீட்டு மாமா அப்போதுதான் தெருவிலிருந்து படியேறி வந்துகொண்டிருந்தார். பென்ஷன் வாங்கி வெகு நாள் ஆனவர். நான் தனியாக இருந்த வருஷங்களில் ஜுரம் வந்தால் கஞ்சி அனுப்பிய வீடு அது. ஈரக் காலைச் சாக்கில் துடைத்துக்கொண்டே, வெகு திருப்தியாகச் சொன்னார். "அமாவாசையும் அதுவுமா பூசணிக்காயை வாசல்ல வச்சுட்டு மேல போயிட்டேளே. நேரம் தப்பிடப்போறதேன்னு நானே சுத்தி உடச்சுட்டேன். குழந்தை வந்ததுலேர்ந்து மூஞ்சியே சரியில்லை, திருஷ்டிதான்னு நானும் சொல்லிண்டே இருந்தேன். மூஞ்சியெல்லாம் நன்னா வரஞ்சிருந்தேள், உள்ள டின்ல காசுகூடப் போட்டிருந்தேள் போலிருக்கே, கலகலன்னுது."

அவரைக் குறை சொல்லி என்ன? கண், வாய், குங்குமம், அமாவாசை, வாசல்படி. தமிழன் எவன் பார்த்தாலும் அதை வேறு எதுவாக நினைப்பான்? சின்ன வயதிலிருந்து திருஷ்டிப் பூசணி உடைப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். குங்குமத்தைத் தடவும்போதுகூட எனக்கு அது நினைவுக்கு வரவில்லை. இத்தனை நாளாக என் தலைக்குள் ஒரு ஸ்காட்லாந்துக்காரர் வீட்டுக் கூடம்தான் இருந்தது.

அதற்குள் குழந்தைகள் வந்து சேர்ந்தார்கள். மூஞ்சி எங்கே மாமா, மூஞ்சி எங்கே என்று கேட்டார்கள். நான் தெருவுக்கு இறங்கினேன். எல்லாரும் என் பின்னால் வந்தார்கள்.

நாற்சந்தி நடுவில் கிடந்தது பூசணிக்காய். பாதி மூஞ்சி வானத்தைப் பார்த்துப் பல்லை இளித்துக்கொண்டிருந்தது. குங்குமத் தண்ணீர் நாலு பக்கமும் தெறித்திருந்தது. டின் வாயைப் பிளந்துகொண்டு கிடக்க, பர்பிப் பொட்டலங்கள் சதைக்கும் விதைக்கும் நடுவில் சிதறியிருந்தன. ஒரு விக்டோரியா வண்டிக்காரன்கூடக் குதிரையை ஒதுக்கி ஓட்டிக்கொண்டு போனான். குழந்தைகள் நடைபாதை ஓரத்திலேயே நின்றுவிட்டார்கள். திருஷ்டி கழித்ததைத் தொடக்கூடாது, தாண்டக்கூடாது என்று அவர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கண் மட்டும் பர்பியின் மேல் இருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை. மாமா மேல் இல்லை. சர்க்கரையில்லாமல் குடித்த அத்தனை காபியும், நிமிர்ந்து பார்க்காமல் கடந்துபோன அந்த ஜன்னலும் சேர்ந்து அந்தக் கோபத்தில் ஏறிக்கொண்டன. ஒரு வார்த்தை, அதைக் கேட்பதற்கு ஒரு வழி கண்டுபிடித்தால் அதுவும் நடுத்தெருவில் உடைந்து கிடக்கிறது. திருஷ்டியாவது ஒன்றாவது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, செருப்பில்லாத காலோடு, பர்பியைப் பொறுக்க நேரே அதற்குள் இறங்கினேன்.

"அப்பா, மிதிக்காதேங்கோ!"

ஒரு காலைத் தூக்கினவன் தூக்கினபடியே நின்றேன். மாமாவின் குரலோ என் மனைவியின் குரலோ இல்லை. திரும்பிப் பார்த்தேன். என் பெண் நடைபாதையின் விளிம்பில், ஒரு கையில் சாவியோடு, மறு கையை என் பக்கம் நீட்டியபடி நின்றாள். "அத மிதிச்சா ஒடம்புக்கு வந்துடும். வாங்கோ அப்பா. வந்துடுங்கோ."

நான் வந்தேன். பர்பி அங்கேயே கிடந்தது. தூக்கப் போனேன், அவள் ஒரு எட்டு பின்வாங்கினாள். தொடக்கூடாதாம், நான் மிதித்துவிட்டேனாம். கட்டிடத்து வாசலிலேயே என்னை நிறுத்திவிட்டு மாடிக்கு ஓடினாள். செம்பு நிறையத் தண்ணீரைப் படியெல்லாம் சிந்திக்கொண்டு கொண்டுவந்து, மிச்சமிருந்ததை என் காலில் தானே ஊற்றினாள். குதிகாலைத் தேய்க்கச் சொன்னாள். தேய்த்தேன். "ஊர்ல அப்பா குதிகாலைத்தான் மொதல்ல அலம்புவா" என்றாள்.

அந்த நிமிஷத்திலும் எனக்குச் சுருக்கென்றது. ஆக நான் இரண்டாவது அப்பா. ஊர் அப்பா ஒருவர், இந்த ஊர் அப்பா ஒருவர், இரண்டு பேரும் காலை ஒழுங்காக அலம்பிக்கொள்ள வேண்டியவர்கள். இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன். நான் இல்லாத வருஷங்களில் அவளுக்கு அந்த வார்த்தை மறந்துபோகாமல் பார்த்துக்கொண்டவர் அவர்தானே. அன்றைக்கு முதல் தடவையாக மச்சினரை நினைத்து எரிச்சல் வரவில்லை.

எல்லாம் அன்றோடு சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். மறுநாள் காலை மறுபடியும் "அம்மா, இவாளுக்குக் காபி" என்றுதான் ஆரம்பித்தாள். அப்புறம் எத்தனையோ நாள் அந்த வார்த்தைக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வரும், போகும். கல்யாணமாகி அவள் வெகுதூரம் போனபிறகு, இன்றைக்கும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

லீவு முடிந்து ஆபீஸ் போனதும் துரை கூப்பிட்டனுப்பினார். பூசணிக்காய் கதையைச் சொன்னேன். மேஜையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து ஆபீஸில் யாரும் கேட்டதில்லை, வெளியே டைப் அடிக்கிற சத்தம் நின்றுவிட்டது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடைசியில் கூப்பிட்டாளா என்று கேட்டார். கூப்பிட்டாள் என்றேன். பிறகு, கூப்பிடும்போது குரல் எப்படி இருந்தது என்று கேட்டார். அவருக்கு ஆறு வருஷமாகக் குழந்தைகளின் கையெழுத்துதான் வந்துகொண்டிருந்தது.

பயந்துபோய் இருந்தது சார் என்றேன். எனக்காகப் பயந்த குரல் என்றும் சொல்லியிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்தேன். அதை மட்டும் சொல்லாமல் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.